அறிவிப்பில் வராத திருத்தங்கள்

(தெஹிவளையில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. விரும்பிப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஒரு வருட நீடிப்பு. வெள்ளவத்தையில் தொடங்கித் தெஹிவளைச் சந்திவரை காலி வீதியின் இரு பக்கமும் அச்சகங்கள், கொமியூனிகேஷன் கடைகள், கணக்காளர் அலுவலகங்கள், டியூஷன் வகுப்புகள். இவற்றில் பலவற்றுக்கு இப்போது ஒரே யோசனை: விண்டோஸ் 11க்குப் போவதா, இருப்பதை வைத்தே ஓட்டுவதா?

கணினி விற்பவரிடம் கேட்டால் அவர் காட்டுவது கண்ணுக்குத் தெரிவதைத்தான். பொத்தான்கள் திரையின் நடுவுக்கு வந்துவிட்டன, சாளரங்களின் மூலை வளைந்திருக்கிறது, கோபைலட் என்ற உதவியாளர் பேசத் தயாராக இருக்கிறார். புதிய இயங்குதளம் வரும்போதெல்லாம் மேடையில் ஏறுவது இந்த வகைச் சங்கதிகளே. தமிழில் எழுதுகிறவருடைய அன்றாடத்தை உண்மையில் மாற்றிய திருத்தங்கள் எந்த மேடையிலும் ஏறவில்லை. அவை வெளியீட்டுக் குறிப்புகளின் அடியில் ஒற்றை வரியாகக் கிடக்கின்றன. இன்றைய பேச்சு அந்த ஒற்றை வரிகளைப் பற்றியது.

நோட்பேட்டிலிருந்து தொடங்கலாம். விண்டோஸில் அதைவிட எளிய மென்பொருள் இல்லை. ஒரு பிள்ளை அதைத் திறந்து அம்மம்மாவின் பெயரையும் ஊரையும் தமிழில் தட்டிச் சேமிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2019க்கு முந்திய நோட்பேட்டில், சேமிக்கும் பெட்டியின் அடியில் ‘அன்சி’ என்ற குறியாக்கம் தானாகவே தெரிவாகி இருக்கும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கு வகுத்த 256 இடங்கள் மட்டுமே கொண்ட பழைய முறை. தமிழுக்கு அதில் ஓரிடமும் கிடையாது. எழுத்துகள் இழக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வரத்தான் செய்யும். அதை வாசிப்பவர் யார்? ஓகே. மறுநாள் திறந்து பார்த்தால் அம்மம்மாவின் பெயர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள். ஒவ்வோர் எழுத்தையும் நீக்கிவிட்டுக் கேள்விக்குறியையே கோப்பில் எழுதிவிடுவதால் எந்த வித்தைக்காரராலும் பெயரை மீட்டுத் தர முடியாது.

2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் (1903 என்று இலக்கமிட்டார்கள்) நோட்பேட் இயல்பாகவே யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்கத் தொடங்கியது. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. இப்படியொரு மாற்றம் வந்ததென்று தமிழ்ப் பத்திரிகை ஒன்றும் தலைப்பிட்டு எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் கேள்விக்குறி வியாதி அன்றோடு ஓய்ந்தது.

இன்னும் சற்றுப் பின்னோக்கிப் போனால் இதைவிட வேடிக்கையான கதை கிடைக்கும். தமிழை யூனிகோட் என்ற, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையில் காட்டும் வசதி 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 இலேயே இருந்தது. லதா என்ற எழுத்துருவும் கூடவே வந்தது. சிங்களத்துக்கு இஸ்கோல பொத எழுத்துரு 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடுதான் வந்தது. அதாவது மைக்ரோசொப்டின் கணக்கில் இந்த நாட்டின் இரண்டு அரச கரும மொழிகளில் தமிழே ஏழு வருடம் முந்திக்கொண்டது. இலங்கையில் தமிழ் முதலிடம் பெற்ற சந்தர்ப்பங்கள் அதிகம் இல்லை. இதை யாரும் கொண்டாடவும் இல்லை.

கொண்டாட முடியாமற் போனதற்குக் காரணம் ஒரு சிறு கட்டம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் ஒழுங்காகத் தெரியவேண்டுமானால் கட்டுப்பாட்டுப் பலகத்துக்குப் போய், மொழிகள் என்ற தாவலைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் சரி அடையாளம் இடவேண்டும். இட்டதும் கணினி நிறுவற் சீடியைக் கேட்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய கணினியோடு சீடி எத்தனை பேருக்குக் கிடைத்தது? சீடி இல்லாத வீடுகளில் ‘கொ’ என்ற எழுத்தின் துணைக்குறிகள் ககரத்தின் இரு பக்கமும் போய் உட்காராமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றன. யூனிகோட் தமிழ் என்றால் எழுத்து உடையும் என்ற அபிப்பிராயம் அப்போது வந்ததுதான். விஸ்டாவில் அந்தக் கட்டம் நீங்கி, எல்லா எழுத்துமுறைகளும் முதலிலிருந்தே இயங்கின. விஸ்டாவை உலகமே திட்டித் தீர்த்தது. தமிழைப் பொறுத்தவரை அதற்கு ஒரு நன்றி சொல்லலாம்.

ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அச்சகங்கள் பாமினியில் ஊறிப்போயிருந்தன. பாமினி எழுத்துருவில் தமிழ் என்று எழுதும்போது கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் கடதாசியில் அச்சாகி முடிகிறவரை இதில் குறை ஒன்றும் இல்லை. ஆவணத்தைத் தேடவேண்டும், இணையத்தில் ஏற்றவேண்டும், லண்டனில் இருக்கும் மகனின் போனுக்கு அனுப்பவேண்டும் என்ற நிலை வரும்போதுதான் தொல்லை தெரியும். இன்றைக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஓர் அச்சகத்தில் யூனிகோட்டில் எழுதிய கட்டுரையைக் கொடுத்தால், முதல் வேலையாக அதைப் பாமினிக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விரல் பழகிய விசைப்பலகையை விண்டோஸ் அவர்களுக்குத் தரவில்லை. விண்டோஸில் ‘தமிழ்’ என்ற பெயரோடு வந்தது இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட் அமைப்பு. இலங்கையில் அதைப் பழகியவர் அரிது. இங்கே தட்டச்சுப் பொறிவழி வந்த ரெங்கநாதன் விசைப்பலகைதான் வழக்கம். 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரமும் அதையே ஏற்றது. தரம் எழுதியாகிவிட்டது, ஆனால் அந்த விசைப்பலகை விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை. தேடி எடுத்துத் தனியே நிறுவவேண்டும். தேடத் தெரிந்தவர் நிறுவினார், மற்றவர் பாமினியோடு நின்றார்.

2019இல் இந்த விடயத்திலும் ஓசையில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. தமிழ் 99 விசைப்பலகையும், ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று ஒலிப்படி தட்டினால் தமிழாக மாற்றித் தரும் விசைப்பலகையும் விண்டோஸ் 10 உடனேயே வந்துசேர்ந்தன. விண்டோஸ் 11இலும் அவை உண்டு. நேரமும் மொழியும் என்ற அமைப்புப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் விருப்பத்தெரிவுகளில் விசைப்பலகையைக் கூட்டினால் போதும். எ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களைத் தேடித் தரவிறக்கிய தலைமுறை இதை அறியாமலே இன்னும் தரவிறக்கிக்கொண்டிருக்கிறது. சென்னையில் 1999 பெப்ரவரியில் நடந்த தமிழ்நெற் 99 மாநாடு பரிந்துரைத்த விசைப்பலகை, உலகம் அதிகம் பயன்படுத்தும் மேசைக்கணினி இயங்குதளத்துக்குள் நுழைய இருபது வருடம் பிடித்திருக்கிறது. ரெங்கநாதன் இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

புதிய பதிப்பு எல்லாவற்றையும் கூட்டியே தரும் என்றும் எண்ணிவிடக்கூடாது. லதா எழுத்துரு விண்டோஸ் 10 தொடக்கம் எல்லாக் கணினியிலும் இருப்பதில்லை. அதையும் விஜயா என்ற இன்னொரு தமிழ் எழுத்துருவையும் தமிழ் மேலதிக எழுத்துருக்கள் என்ற விருப்பப் பொதிக்குள் தள்ளிவிட்டார்கள். அவற்றின் இடத்தில் நிர்மலா என்ற எழுத்துரு தமிழையும் சிங்களத்தையும் தேவநாகரியையும் சேர்த்துச் சுமக்கிறது. பாடசாலை ஆண்டு மலரை லதாவில் பக்கம் பக்கமாக ஒழுங்குசெய்து வைத்திருந்தவர், புதிய கணினியில் அதைத் திறந்ததும் வரிகள் இடம் மாறி, பக்க எண்ணிக்கை குழம்பி நிற்பதைக் கண்டு கோப்பு பழுதாகிவிட்டது என்று பதறுவார். கோப்பில் ஒரு பழுதும் இல்லை. விருப்ப அம்சங்கள் என்ற பட்டியலில் அந்தப் பொதியைச் சேர்த்தால் மலர் பழையபடி மலரும்.

கணினியை விட்டுக் கைபேசிக்கு வருவோம். தமிழர் பெரும்பாலும் தமிழ் எழுதுவது இப்போது அங்கேதான்.

2022 ஓகஸ்டில் வெளிவந்த அன்ட்ரொயிட் 13 பற்றி வந்த செய்திகளில் வண்ணங்களும் அறிவிப்பு அனுமதிகளும் பெரிதாகப் பேசப்பட்டன. கூகிள் தன் மென்பொருளாளர்களுக்குத் தந்த குறிப்பில் வேறொரு வரி இருந்தது: லத்தீன் அல்லாத எழுத்துமுறைகளுக்கு, அந்தந்த மொழிக்கு ஏற்றபடி வரி உயரம் அமையும். எடுத்துக்காட்டாக அது பெயர் சொன்ன நான்கில் முதலாவது தமிழ். மற்றவை பர்மியம், தெலுங்கு, திபெத்தியம்.

இதன் அருமை தெரிய ஒரு பொத்தானைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஆங்கில எழுத்து மேலும் கீழும் அளவோடு நீளும். திரை வடிவமைப்பாளர் அந்த அளவுக்கே பெட்டியை வரைகிறார். ‘கீழே’ என்று எழுதினால் ககரத்தின் மேல் விசிறி எழும்பிச் சுழிக்கிறது. ‘எழுது’ என்றால் ழுகரமும் துகரமும் வரியின் அடிக்குக் கால் நீட்டுகின்றன. ‘நூல்’ என்பதில் மேலே புள்ளி, கீழே சுழி, இரண்டும். ஆங்கில உயரத்துக்கு வெட்டிய பெட்டியில் இவற்றை இட்டால், அச்சகத்து வெட்டு இயந்திரத்தில் ஓரத்தோடு எழுத்தும் போன அழைப்பிதழ் மாதிரி இருக்கும். புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். சுழி போனால் துகரமோ நுகரமோ என்று வாசிப்பவர் ஊகிக்கவேண்டும். தமிழ் இடைமுகம் பிடிக்கவில்லை என்று போனை ஆங்கிலத்துக்குத் திருப்பிவிட்ட பெரியவர்கள் பலரிடம் கேட்டால், சொற்கள் விளங்கவில்லை என்பதோடு எழுத்து அரைகுறையாகத் தெரிந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கும். அன்ட்ரொயிட் 13 வந்ததும் எல்லாச் செயலியிலும் இது தானாகத் தீர்ந்துவிடவில்லை. செயலியைச் செய்தவரும் அந்தப் பதிப்புக்கு ஏற்றபடி அதைக் கட்டவேண்டும். அதனால்தான் ஒரே போனில் ஒரு செயலி ஒழுங்காகவும் இன்னொன்று தலை கொய்தும் காட்டுகிறது.

அதே பதிப்பு இன்னொன்றும் தந்தது. ஒவ்வொரு செயலிக்கும் வேறு வேறு மொழியைத் தெரிவுசெய்யலாம். அப்பிள் இதை 2019இல் ஐஓஎஸ் 13இலேயே தந்திருந்தது. தெஹிவளை வீடு ஒன்றில் இதன் பயன் லேசாக விளங்கும். வங்கிச் செயலியும் மின்கட்டணமும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் மகள் தொலைபேசியில் வழி சொல்ல முடியும். வாட்ஸ்அப் தமிழில் இருந்தால்தான் அம்மா தானே கையாள்வார். முன்பு முழுப் போனுக்கும் ஒரே மொழி என்பதால் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, விட்டுக்கொடுத்தது அநேகமாக அம்மாதான்.

அப்பிள் பற்றிப் பேசும்போது ஒரு மலேசியத் தமிழரைச் சொல்லாமல் விடமுடியாது. 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி என்ற எழுத்துரு, 2005 ஏப்ரலில் வந்த மக் ஓஎஸ் எக்ஸ் 10.4 உடன் சேர்ந்தே வந்தது. அப்பிள் கணினியில் தமிழ் வாசிக்க எதையும் தரவிறக்கத் தேவையில்லாமற் போனது அப்போதிருந்து. அதன்பின் அவர் தமிழோடு நிற்கவில்லை. அப்பிள் கருவிகளின் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் தமிழ் சங்கம் எம்என், சிங்கள சங்கம் எம்என் என்று பெயர்கள் வரும். எம்என் என்பது முத்து நெடுமாறனின் பெயர்ச்சுருக்கம். சங்கம் என்றால் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம்தான் வெள்ளவத்தைக்காரருக்கு நினைவு வரும். ஐபோனில் சிங்களவர் வாசித்த சிங்களத்துக்கும் ஒரு தமிழர் வடிவம் கொடுத்த ‘சங்கம்’ உண்டு என்பது பலருக்குப் புதிய செய்தி. மேடையில் இதையெல்லாம் அறிவிக்க ஒருவரும் இல்லை. 2024இல் வந்த ஐஓஎஸ் 18இல் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு அகரவரிசை விசைப்பலகையும் சேர்ந்திருக்கிறது. அ, ஆ, இ என்ற வரிசை மட்டுமே தெரிந்த ஆச்சிக்கு அது போதும்.

தீராத தொல்லைகளும் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் வந்த யூனிகோட் 4.1இல் ஶ என்ற தனி எழுத்து சேர்ந்தது. அதற்கு முன் ஸகரத்தில் தொடங்கி ஸ்ரீ எழுதினார்கள். அதன் பின் ஶகரத்தில் தொடங்கி எழுதுவதே முறை என்றானது. திரையில் இரண்டும் அநேகமாக ஒரே வடிவில் தெரியும். கணினிக்கோ இரண்டும் வேறு. ஸ்ரீதரன் என்பவரின் பெயர் பட்டியலில் ஒரு விதமாகப் பதிவாகி, தேடுகிறவர் மற்ற விதமாகத் தட்டினால், அவர் இல்லை என்றே பதில் வரும். வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ வந்து 1957-58இல் இந்த நாடு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு, இந்த ஸ்ரீ சாதுவான தொல்லையாகத்தான் தோன்றும். ஆனாலும் பிரதேச செயலகத்தின் பட்டியலில் பெயர் அகப்படாமல் நிற்பவருக்கு அது சாதுவல்ல.

பழைய கணக்கேடுகளை வாசிக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி: மாகாணி, காணி, முந்திரி போன்ற பின்னங்களுக்கும் பழைய அளவைக் குறிகளுக்கும் 2019இல் வந்த யூனிகோட் 12 இடம் ஒதுக்கிவிட்டது. ஒன்றின் கீழ் முந்நூற்றிருபதான முந்திரியை இனிப் படமாக ஒட்டத் தேவையில்லை.

விண்டோஸ் 11 தங்கள் கணினியில் ஏறாது என்று அறிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெஸரையும் கேட்கிறது. இரண்டாம் கையாக வாங்கிய மடிக்கணினிகள் பல இதில் தோற்கும். அவற்றைக் குப்பைக்கு அனுப்பத் தேவையில்லை. 2025 ஓகஸ்ட் 9ஆம் திகதி வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளம் இலவசம்; நிறுவும் திரையையே தமிழில் தெரிவுசெய்யலாம்; லினக்ஸின் விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்ற தலைப்பின் கீழேயே தமிழ்நெற் 99 இருக்கிறது. 32 பிட் கணினியாக இருந்தால் மட்டும் டெபியன் 13ஐப் புதிதாக நிறுவ முடியாது.

இனி, கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல்தான் ‘தமிழ் (இலங்கை)’ என்பது தனியொரு தெரிவானது. அதற்கு முன் தமிழ் என்றால் இந்தியா மட்டுமே. இந்தத் தெரிவை எடுத்தால் நேரம் 24 மணிக் கணக்கில் வரும், பணம் இலங்கை ரூபாயாக வரும். ஆனால் மாதப் பெயரைப் பாருங்கள். பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். இங்கே பாடப்புத்தகத்திலும் நாளிதழிலும் பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர் என்று படித்துவிட்டுப் போனில் வேறொன்றைப் பார்க்கிறோம். இலங்கைத் தமிழுக்கென்று ஓர் அறை கட்டியாயிற்று, உள்ளே தளபாடம் போடவில்லை.

இந்த மாதப் பெயர்கள் வருவது யூனிகோட் கூட்டமைப்பு நடத்தும் சிஎல்டிஆர் என்ற தரவுக் களஞ்சியத்திலிருந்து. அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட் மூன்றும் அதிலிருந்தே எடுக்கின்றன. வருடத்துக்கு இரண்டு பதிப்பு வெளிவருகிறது. திருத்தம் முன்மொழிய அதற்கென்று ஒரு கணக்கெடுப்புக் கருவி இருக்கிறது, தனியாட்களும் கணக்குப் பெறலாம். ஆனால் தனியாளின் வாக்குக்கு மதிப்புக் குறைவு, நிறுவனத்தின் வாக்குக்கு மதிப்புக் கூட. ஆகவே கணினி படிக்கும் பிள்ளைகள் தங்கள் பல்கலைக்கழகங்கள் வழியாகவும், தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகள் அரசின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வழியாகவும் இதைக் கொண்டுபோகவேண்டும். விண்டோஸில் ரெங்கநாதன் விசைப்பலகை வேண்டும் என்று கேட்க அவ்வளவு தூரமும் போகத் தேவையில்லை. விண்டோஸ் விசையையும் எஃப் விசையையும் சேர்த்து அழுத்தினால் கருத்துப் பெட்டி திறக்கும், ஒருவர் எழுதியதை மற்றவர் ஆமோதிக்கலாம், ஆமோதிப்புக் கூடக்கூட அது மேலே வரும்.

மாதப் பெயர்களில் பன்னிரண்டையும் மாற்றவேண்டியதில்லை, மூன்று நான்கை மாற்றினால் சரி. சிஎல்டிஆர்காரர் வழக்குக்கு ஆதாரம் கேட்பார்கள். இங்கு அச்சாகும் தமிழ் நாளிதழ்களின் முதற்பக்கத் திகதி வரியைப் படமெடுத்து இணைத்து அனுப்புங்கள்.